கொய்னா கொடுத்த டாக்டரம்மா

2002 ஜூலை மாதம். இந்தியாவில் ஜனாதிபதித் தேர்தல் நேரம். இரவு வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, பாட்டி பசியாற ரொட்டியும் கோப்பியும் எடுத்து வைத்தேன். பாட்டி தமிழ்ப் பத்திரிகையை மடியில் விரித்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு படத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினார். அப்துல் கலாமை எதிர்த்து இடதுசாரிகள் நிறுத்திய வேட்பாளரின் படம். நரைத்த முடி, மெலிந்த முகம், வயது எண்பத்தேழு.

"இது நம்ம டாக்டரம்மா, கண்ணு."

எந்த டாக்டரம்மா என்று கேட்டேன். மலேசியாவில் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை வந்துபோன யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன்.

"ஜான்சி ராணி படையில எனக்குக் கொய்னா குடுத்தவங்க. கேப்டன் லட்சுமி."

கொய்னா என்றால் மலேரியாவுக்குக் கொடுக்கும் கசப்பு மருந்து. ஜான்சி ராணி படை, இரண்டாம் உலகப் போரின்போது சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) இருந்த பெண்கள் படை. பாட்டியோடு ஒரே கூரையின் கீழ் முப்பத்து நாலு வருடம் வாழ்ந்திருந்தேன். ஜப்பான்காரன் காலத்தில் அவர் சிங்கப்பூரில் இருந்தார் என்று மட்டும் தெரியும். ஏன் இருந்தார், என்ன செய்தார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்று காலை தூங்கப் போகவில்லை. அடுத்த ஏழு வருடம், பாட்டி இறக்கும்வரை, என் ஓய்வு நாட்களில் பாதியாவது அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால்தான் போயின. வீட்டில் இப்படி ஒரு மூத்தவர் இருந்து, அவர் சொல்வதைப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று என் தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் தவறு, முதல் நாளே நடந்தது. ஒலிநாடாக் கருவியை மேசையில் வைத்துவிட்டு, "எந்த வருசம் பாட்டி படையில சேர்ந்தீங்க?" என்று கேட்டேன். பாட்டி விழித்தார். "வருசம் யாருக்குத் தெரியும்? ஜப்பான்காரன் வந்தப்புறம்" என்றார். மாதம் கேட்டேன், தெரியவில்லை. கேள்விமேல் கேள்வி போட்டதில் அவருக்கு அவமானமாகிவிட்டது. "நான் படிக்காதவ, என்ன எதுக்குக் கேக்குற?" என்று உள்ளே போய்விட்டார். அந்த நாடாவில் மிச்சம் இருப்பது விசிறியின் சத்தம்தான்.

நான் பிரசவ வார்டுத் தாதி. தோட்டத்திலிருந்து வரும் பெண்களிடம் கடைசியாக எப்போது தூரமானாய் என்று தேதி கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். "தைப்பூசத்துக்கு முன்னாடியா, பின்னாடியா? போன சம்பளம் போட்ட அன்னைக்குக் குளிச்சிருந்தியா?" என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் கணக்குக் கிடைத்துவிடும். வார்டில் தினமும் செய்வதை வீட்டில் மறந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து, சேர்ந்தது தீபாவளிக்கு முன்னா பின்னா என்று கேட்டேன். பாட்டி உடனே சொன்னார்: "தீபாவளி கழிஞ்சு. அந்த வருசம் எண்ணெயும் இல்ல, மாவும் இல்ல. மரவள்ளிக்கிழங்க இடிச்சு அம்மா என்னமோ சுட்டாங்க. அதத் தின்னுட்டு ஒரு மாசத்துல கெளம்பிட்டேன்." சிங்கப்பூரில் ஜான்சி ராணி படையின் முகாம் திறக்கப்பட்டது 1943 அக்டோபர் 22. அந்த மாதக் கடைசியிலேயே தீபாவளி. ஒரு பண்டிகையைப் பிடித்துக்கொண்டே பாட்டியின் வாழ்க்கையில் தேதி போட முடிந்தது.

இனி அந்த டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாட்டியின் பேச்சு எனக்குப் பிடிபட்டதே அவர் வாழ்க்கையைப் படித்த பிறகுதான்.

லட்சுமி 1914 அக்டோபர் 24 அன்று சென்னையில் பிறந்தார். தந்தை சுவாமிநாதன், சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர்பெற்ற கிரிமினல் வழக்கறிஞர். தாய் அம்மு சுவாமிநாதன், பாலக்காட்டுப் பக்கத்து ஆனக்கரை வடக்கத்து வீட்டுப் பெண். காங்கிரஸில் தீவிரமாக இருந்து பின்னாளில் அரசியல் நிர்ணய சபை உறுப்பினரானவர். தங்கை மிருணாளினி சாராபாய், நடனக் கலைஞர். வசதிக்கும் வாய்ப்புக்கும் குறைவில்லாத வீடு. ஆனாலும் லட்சுமி திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்தது வேறொரு சம்பவம். கேரளத்தில் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தபோது, தொட்டால் தீட்டு என்று ஒதுக்கி வைத்திருந்த பழங்குடிக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தியிடம் நேரே போய்க் கையைப் பிடித்து விளையாட அழைத்துப் போனாராம். வீட்டுப் பாட்டிக்கு ஆத்திரம். பேத்தி அசையவில்லை. பின்னால் மருத்துவராகப் போகிறவரின் கை அந்த வயதிலேயே யாரைத் தொடக்கூடாது என்ற கணக்கை ஏற்கவில்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருப்பான லயங்கள்கூட சாதி பார்த்துப் பிரிந்து கிடந்த காலத்தைப் பாட்டி சொல்லிக் கேட்டவள் என்பதால் அந்தச் சம்பவம் எனக்குப் பெரிது.

1938இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தார். பிறகு மகப்பேறு, மகளிர் மருத்துவத்தில் டிப்ளமோ. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி பெயரில் இருக்கும், சென்னைக்காரர்கள் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் அந்தப் பிரசவ மருத்துவமனையில் வேலை. இதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவரும் நம் வார்டுக்காரர். பிரசவ வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு: வலி உச்சத்தில் இருக்கும் பெண்ணிடம் எந்தக் குரலில் பேசினால் அவள் கேட்பாள் என்பது. அதைக் கற்றவர் ஒரு படையை நடத்தினால் எப்படி இருக்கும் என்று அன்றிலிருந்து யோசிக்க ஆரம்பித்தேன்.

விமானியோடு நடந்த முதல் கல்யாணம் நிலைக்கவில்லை. 1940இல் சிங்கப்பூருக்குப் போனார். வயது இருபத்தைந்து, இருபத்தாறு. கையில் படிப்பு மட்டும். அங்கே ஏழைகளுக்காக, குறிப்பாக இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்களுக்காக, மருத்துவ விடுதி நடத்தினார். அந்தக் காலத்தில் அங்கே ஒரு பெண் மருத்துவர் இருந்தார் என்பதன் அருமையை இன்றைக்குச் சொன்னால் புரியாது. எங்கள் தோட்டத்தில் ஆஸ்பத்திரி உதவியாளரான ஆண் டிரஸரிடம் போய் வெள்ளைப்படுதல் என்று வாயைத் திறக்க வெட்கப்பட்டு, கடைசிவரை சொல்லாமலே செத்தவர்கள் உண்டு என்று பாட்டி சொல்வார். தமிழும் மலையாளமும் பேசும் ஒரு பெண், மருத்துவராகவும் இருந்து, குறைந்த காசுக்கோ காசில்லாமலோ பார்த்தால் அவருக்கு மக்கள் எவ்வளவு கடன்பட்டிருப்பார்கள்? இந்திய சுதந்திர லீக்கிலும் சேர்ந்தார். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷார் சிங்கப்பூரை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க்கில் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்கள் கைமாற்றப்பட்டார்கள். காயம்பட்ட போர்க்கைதிகளுக்கு வைத்தியம் பார்த்தவர்களில் லட்சுமியும் ஒருவர்.

1943 ஜூலை 2 அன்று சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். 4ஆம் தேதி கேத்தே அரங்கில் லீக்கின் தலைமையை ஏற்றார். பெண்களும் துப்பாக்கி ஏந்த வேண்டும் என்றார். 12ஆம் தேதி பெண்கள் கூட்டம். அதற்காக லட்சுமி அவசரமாக இருபது பேர் அளவில் பெண்களைத் திரட்டி, சேலையோடு ரைஃபிள் பிடிக்கப் பழக்கி, போஸுக்கு அணிவகுப்பு மரியாதை கொடுக்க வைத்தார். பிறகு போஸ் அவரை அழைத்து நீண்ட நேரம் பேசினார். படையை உருவாக்கும் பொறுப்பை லட்சுமி ஏற்றார். அக்டோபர் 21 அன்று போஸ் அமைத்த ஆசாத் ஹிந்த் என்ற தற்காலிகச் சுதந்திர இந்திய அரசில் மகளிர் துறையும் அவரிடம்தான். அந்த அமைச்சரவையில் ஒரே பெண். லெப்டினன்ட் கர்னலாக உயர்ந்த பிறகும் மக்கள் வாயில் கேப்டன் லட்சுமியாகவே நின்றுவிட்டார்.

இதை எல்லாம் பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். பாட்டிக்கு அமைச்சரவையில் அக்கறை இல்லை. "நான் ஏன் போனேன்னு கேளு" என்றார்.

அவருடைய அண்ணனை ஜப்பான்காரன் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் தண்டவாளம் போடப் பிடித்துப் போயிருந்தான். திரும்பி வரவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து அந்த மரண ரயில்பாதைக்குப் போன தமிழர்களின் எலும்பு சயாம் காடு முழுக்கக் கிடக்கிறது. தோட்டத்தில் பால் வெட்டு நின்றுவிட்டது. ரப்பரை வாங்க ஆளில்லை. அரிசி கிடையாது. பதினேழு வயது. லீக்குக்காரர்கள் லாரியில் வந்து பேசினார்கள். "சோறு போடுவாங்களான்னு கேட்டேன். மூணு வேளை போடுவோம்னாங்க. பேர் குடுத்துட்டேன்."

எனக்கு ஏமாற்றம். அடிமைத்தளை, பாரத மாதா என்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சோற்றுக்காகப் போனேன் என்கிறாரே! 2004இல் நவராத்திரிக்குக் கோயில் மண்டபத்தில் பேச அழைத்தபோது அந்த வரியை விட்டுவிட்டேன். அண்ணனைப் பறிகொடுத்த வீரப்பெண் நாட்டுக்காகக் கிளம்பினாள் என்று பேசினேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாட்டி கைதட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டார்: "சோறு சொன்னா கேவலமா புள்ள? பசியில போனேன். போன எடத்துல மனுசியா நிக்கக் கத்துக்கிட்டேன். முன்னாடியத மறைச்சிட்டா பின்னாடியது எப்படி வெளங்கும்?"

நான் செய்த தவறுகளிலேயே இதற்குத்தான் அதிகம் வருந்துகிறேன். கேட்பவருக்குக் கூச்சமாக இருக்கும் இடத்தைத்தான் முதலில் வெட்டுகிறோம். பெரும்பாலும் உண்மை அந்த இடத்தில்தான் இருக்கிறது. படையில் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். வீட்டில் நகையும் படிப்பும் இருந்து சேர்ந்தவர்களும் உண்டு. கோலாலம்பூர் ஜானகி தேவர் போஸின் பேச்சைக் கேட்டு வைரத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தவர். படையின் துணைத் தளபதி அளவுக்கு உயர்ந்து, பிறகு மலாயா இந்தியர் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். தோட்டைக் கழற்றியவரும் பாட்டியும் ஒரே வரிசையில் நின்றார்கள். கழற்றத் தோடு இல்லாதவரின் காரணத்தையும் அதே மரியாதையோடு எழுதுவதுதான் முறை.

மண்டபத்தில் அன்று இன்னொன்றும் நடந்தது. பாட்டிக்கு முகாமில் மலேரியா கண்டதையும், நடுங்கிக்கொண்டு கிடந்தவரின் நெற்றியில் கேப்டன் லட்சுமியே கைவைத்துப் பார்த்து, கொய்னா கொடுத்து, கசப்புக்குத் துப்பப் போனவரின் வாயைப் பொத்தி விழுங்க வைத்ததையும் உருக்கமாகச் சொன்னேன். பேச்சு முடிந்ததும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் வந்தார். மெதுவாகக் கேட்டார்: "அம்மா, காய்ச்சல் வந்தது எப்போன்னு சொன்னீங்க?"

"1944 ஆடி மாசம்."

"பாட்டி எந்த முகாம்?"

"சிங்கப்பூர். வாட்டர்லூ தெரு."

"அந்த ஆடியில கேப்டன் லட்சுமி பர்மாவுல இல்லையா?"

என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போய்க் குறிப்புகளைப் புரட்டினேன். அவர் சொன்னது சரி. 1944 தொடக்கத்தில் படையின் ஒரு பகுதி ரங்கூனுக்குப் போய்விட்டது. லட்சுமியும் போய்விட்டார். ரங்கூனுக்கு வடக்கே மேமியோ மலைநகரில் ஆஸ்பத்திரி. இம்பால் போர்முனை ஜூலையில் உடைந்து, மழைக்காலச் சேற்றில் பின்வாங்கிய ஐ.என்.ஏ. வீரர்கள் காயத்தோடும் மலேரியாவோடும் வயிற்றுப்போக்கோடும் வந்து சேர்ந்த நேரம் அது. குண்டைவிடப் பசியும் நோயும்தான் அவர்களை அதிகம் கொன்றன. ஜான்சி ராணி படையை முன்வரிசைச் சண்டைக்கு அனுப்பவே இல்லை. துப்பாக்கி சுடவும் பயோனெட் குத்தவும் பழகிய பெண்கள் கடைசியில் செய்தது பெரும்பாலும் அந்த ஆஸ்பத்திரி வேலை. பாட்டியின் நெற்றியில் கைவைக்க லட்சுமி சிங்கப்பூரில் இல்லை.

பாட்டி பொய் சொன்னாரா? இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல மாதம் ஆயிற்று. அதற்குள் இன்னொரு தவறும் வெளியே வந்தது. பதிவு தொடங்கிய நாட்களில் லட்சுமி சீருடையில் இருக்கும் பழைய படம் ஒன்றைப் பாட்டியிடம் காட்டியிருந்தேன். அதற்குப் பிறகுள்ள நாடாக்களில் பாட்டி விவரிக்கும் டாக்டரம்மா தொப்பியும் கால்சட்டையும் போட்டிருக்கிறார். படம் காட்டுவதற்கு முன் பதிவான நாடாவில் அதே டாக்டரம்மா "வெள்ளச் சேல கட்டி, மூக்குத்தி போட்டு" வருகிறார்! பாட்டியின் நினைவில் இருந்த முகத்தின்மேல் என் கையால் வேறு முகத்தை ஒட்டிவிட்டேன். ஆகவே சொல்கிறேன், படங்களைக் கடைசியில் காட்டுங்கள். அவர்கள் சொல்ல இருப்பதை எல்லாம் சொல்லி முடித்த பிறகு, தனி நாடாவில், இன்ன தேதியில் இன்ன படம் காட்டினேன் என்று எழுதி வைத்துவிட்டுக் காட்டுங்கள்.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பாட்டி சொல்வதை எழுதும்போது கண்ணால் பார்த்ததை நீல மையிலும், அடுத்தவர் சொல்லிக் கேட்டதைச் சிவப்பு மையிலும் எழுதுவேன். எது எது என்று தெரியாவிட்டால் அவரிடமே கேட்பேன். "இத நீங்க பாத்தீங்களா, யாராவது சொன்னாங்களா?" பாட்டி ஒருபோதும் கோபித்துக்கொண்டதில்லை. யோசித்துப் பதில் சொல்வார். போஸ் முகாமுக்கு வந்தது நீலம். ரங்கூனிலிருந்து பின்வாங்கும்போது போஸ் பெண்களை விட்டுவிட்டுப் போக மறுத்து அவர்களோடு நடந்தே வந்தது சிவப்பு. 1945 ஆகஸ்ட் 14 மாலை முகாம் பெண்கள் ஜான்சி ராணி நாடகம் போட்டு, போஸ் வந்து உட்கார்ந்து பார்த்தது நீலம். மறுநாள் ஜப்பான் சரணடைந்த செய்தி. "அழுதோம். அப்புறம் சட்டையக் கழட்டி மடிச்சு வச்சோம். சேலையில வீட்டுக்கு வந்தோம்." அதுவும் நீலம்.

தேதிகளை ஒத்துப் பார்க்க எனக்கு உதவியவற்றையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜப்பானியர் காலத்தைப் பற்றிய வாய்மொழிப் பதிவுகள் நிறைய இருக்கின்றன. பலவற்றை வீட்டிலிருந்தே கேட்கலாம். கோலாலம்பூரில் நம் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. கொல்கத்தாவில் போஸின் வீட்டிலேயே இயங்கும் நேதாஜி ஆய்வு மையம் கடிதங்களையும் உரைகளையும் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. லட்சுமியின் சொந்த நினைவுக்குறிப்பும் 1997இல் நூலாக வந்தது. ஒரு முழத் தாளில் வருடத்தையும் மாதத்தையும் கோடு போட்டு, மேலே ஊரறிந்த சம்பவங்கள், கீழே பாட்டியின் சம்பவங்கள் என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். பாட்டிக்கு அது பிடித்துப் போயிற்று. தன் வாழ்க்கை போஸின் வாழ்க்கைக்குக் கீழே அதே அளவு எழுத்தில் இருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பார்.

அந்தத் தாளில்தான் நான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. லட்சுமியின் கோட்டை முழுக்கப் போட்டுப் பார்த்தேன். 1943 ஜூலையில் படை. 1945 மே மாதம் பர்மாவில் பிரிட்டிஷாரிடம் கைது. முழுதாக இரண்டு வருடம்கூட இல்லை. 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பப்படுகிறார். 1947 மார்ச்சில், ஐ.என்.ஏ. அதிகாரிகள்மேல் பிரிட்டிஷார் நடத்திய செங்கோட்டை விசாரணையில் நின்ற மூவரில் ஒருவரான பிரேம் குமார் சேகலை லாகூரில் மணக்கிறார். கான்பூரில் குடியேறி மீண்டும் ஸ்டெதஸ்கோப்பை எடுக்கிறார். பிரிவினையில் வந்த அகதிகளுக்கு வைத்தியம். ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிரசவங்கள். 1971இல் வங்கதேச அகதிகளுக்காக எல்லையோர முகாமில். 1984இல் இந்திரா காந்தி கொலைக்குப் பின் சீக்கியர்கள் தாக்கப்பட்டபோது தன் மருத்துவமனை இருந்த தெருவில் இறங்கி நின்று கும்பலைத் தடுக்கிறார். அடுத்த மாதமே போபாலுக்கு மருத்துவக் குழுவோடு போகிறார். விஷவாயு கர்ப்பிணிகளை நாளடைவில் என்ன செய்யும் என்பதைப் பற்றிப் பின்னர் எழுதியும் வைத்தார். தொண்ணூறைக் கடந்த பிறகும் காலையில் நோயாளிகளைப் பார்த்தார்.

1938இலிருந்து கணக்குப் போட்டால் எழுபது வருடத்துக்கு மேல் டாக்டர். அதில் இரண்டு வருடம் ராணுவ அதிகாரி. நாம் சுவரில் மாட்டுவது அந்த இரண்டு வருடத்துப் படத்தை. முதல் நாள் பத்திரிகையைப் பார்த்துச் சொன்னதை விட்டால், பாட்டி அவரைக் கேப்டன் என்று சொல்லத் தொடங்கியதே நான் படம் காட்டிய பிறகுதான். அதுவரை நாடா முழுக்க "டாக்டரம்மா" என்றுதான் இருக்கிறது. வெள்ளைக்கோட்டைக் கழற்றிப்போட்டுவிட்டுச் சீருடை மாட்டிக்கொண்டார் என்று நான் நினைத்திருந்தது தவறு. சிங்கப்பூரில் கூலிப் பெண்களின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தவருக்கு, அந்த வயிறு ஏன் காய்ந்து கிடக்கிறது என்ற கேள்வி வந்திருக்கும். மருந்தால் தீராத நோய் அது என்று தெரிந்திருக்கும். துப்பாக்கியால் தீருமா என்று பார்த்தார். அது தோற்றது. திரும்பவும் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்க்க உட்கார்ந்தார். இது என் ஊகம். ஆனால் முப்பது வருடம் பிரசவ வார்டில் நின்றவளின் ஊகம்.

பாட்டியிடம் உண்மையைச் சொல்லத்தான் எனக்குத் துணிவு வரவில்லை. அறுபது வருடம் ஒரு முகத்தை நெஞ்சில் வைத்துக் கும்பிட்டவரிடம் அது அவரில்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லாமலே விட்டுவிடு என்றார் அம்மா. ஆறு மாதம் விட்டும் வைத்தேன். ஆனால் சொல்லாமல் இருந்தால் பாட்டியை நான் சாட்சியாக மதிக்கவில்லை, தாலாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று ஆகும் அல்லவா? 2005இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுவரில் இருந்த தாளின் முன் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். ஆடி மாதத்தில் விரலை வைத்தேன். மேலே லட்சுமியின் கோடு மேமியோவில் இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. பாட்டி தானே பார்த்துக்கொண்டார்.

வெகு நேரம் பேசவில்லை. நாடாவில் கோழி கத்துவது கேட்கிறது. பிறகு, "அப்ப அவங்க இல்லியா?" என்றார்.

"இல்ல பாட்டி. அவங்க அங்க ஆஸ்பத்திரியில இருந்தாங்க."

"இது வேற டாக்டரம்மா."

"ஆமா."

"மூக்குத்தி போட்டிருந்தாங்க. சரிதான். கேப்டனுக்கு மூக்குத்தி இருந்த ஞாபகம் இல்ல." அணிவகுப்பில் தூரத்திலிருந்து கேப்டனைப் பார்த்தது வேறு, நெற்றியில் கைவைத்தவர் வேறு என்று அவரே பிரித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டிக்கு இல்லை. இத்தகைய விஷயத்தைச் சொல்ல நேர்ந்தால் நீங்கள் சொல்லாதீர்கள், அவர்களையே பார்க்க விடுங்கள் என்பேன். நேரம் கொடுங்கள். கருவியை நிறுத்தாதீர்கள்.

கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊர் ஈரத்தில் ஒலிநாடா பூசணம் பிடித்துவிடும். முகாமில் பாடிய பாட்டுகள், இந்துஸ்தானியில் போட்ட டிரில் கட்டளைகள் எல்லாம் இருந்த நாடா ஒன்று அப்படித்தான் போனது. பிரதி எடுக்க நாளை, நாளை மறுநாள் என்று தள்ளினேன். பாட்டிக்கு இந்துஸ்தானி ஒரு வார்த்தை புரியாது. ஆனால் "ஸாவ்தான்!" என்று அவர் அதட்டினால் எங்கள் வீட்டுக் குழந்தைகள் சோற்றுத்தட்டை விட்டு எழுந்து விறைத்து நிற்பார்கள். அந்தக் குரல் இப்போது எங்கள் காதில் மட்டும் இருக்கிறது. பதிவு செய்த அன்றே பிரதி எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். இன்றைக்குக் கைப்பேசியிலேயே பதிவு செய்கிறீர்கள் என்றாலும் இதே கதைதான். கைப்பேசி தண்ணீரில் விழ ஒரு நொடி போதும்.

பாட்டி 2009இல் போய்ச் சேர்ந்தார். 2012 ஜூலை 23 அன்று, தொண்ணூற்றேழு வயதில், கேப்டன் லட்சுமி கான்பூரில் காலமானார். தன் உடலை அங்குள்ள மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார். மாணவர்கள் படிப்பதற்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வார்டில் செய்தியைப் படித்தபோது பக்கத்தில் இருந்த இளம் தாதி யார் அக்கா என்று கேட்டாள். டாக்டர் என்றேன்.

அன்று இரவு அந்த 2005 நாடாவைப் போட்டுக் கேட்டேன். கோழிச் சத்தத்துக்கும் மூக்குத்திக்கும் பிறகு பாட்டி கேட்ட கேள்வி ஒன்று அதில் இருக்கிறது. எனக்கு வந்த தகவல் எதிலும் அதற்கு விடை இல்லை. சிங்கப்பூர் முகாமில் மருத்துவம் பார்த்த பெண்களின் பெயரை அறிந்த குடும்பம் எங்காவது இருக்கும். பினாங்கிலோ, ஈப்போவிலோ, சென்னையிலோ.

"அந்த டாக்டரம்மா பேர யாராச்சும் எழுதி வச்சிருக்காங்களா, கண்ணு?"

"தெரியல பாட்டி. தேடுறேன்."

"தேடு" என்கிறார். அப்புறம் கோப்பி கேட்கிறார்.